எங்கிருந்து தப்பி வந்தது?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தபோது, பெருங்களத்தூரை அடுத்த நெடுங்குன்றம் சாலையில் ஒரு முதலை நடந்துபோனது. வண்டிக்குள் இருந்த யாரோ எடுத்த சில நொடிக் காணொளி அது. இருட்டு, மழை, நனைந்த தார்ச்சாலை, முகப்பு விளக்கு வெளிச்சத்தில் குறுக்கே போகும் நீண்ட உடல். சாலையைக் கடந்ததும் புதருக்குள் இறங்கிவிடுகிறது. விடிவதற்குள் அது ஊரெல்லாம் கைப்பேசிகளில் ஏறிவிட்டது. பார்த்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்கிருந்து தப்பி வந்தது? பக்கத்தில் வண்டலூர் உயிரியல் பூங்கா இருப்பதால் சிலர் அதைச் சொன்னார்கள். இன்னும் கற்பனை வளம் உள்ளவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையின் வடநெம்மேலி முதலைப் பண்ணையைச் சொன்னார்கள். 2015 வெள்ளத்தின்போதும் இதே கதைதான். பண்ணை முதலைகள் வெளியேறிவிட்டன என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, பண்ணைக்காரர்கள் மறுப்புச் சொல்ல வேண்டிவந்தது.

அரசுத் தரப்பு தந்த விளக்கம் சுவாரசியம் குறைந்தது. சென்னையைச் சுற்றியுள்ள சில நீர்நிலைகளில் முதலைகள் உண்டு, அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கும் கூச்ச சுபாவம் உடையவை, தண்ணீர் நிரம்பி வழிந்ததால் வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதாவது அது எங்கிருந்தும் தப்பவில்லை. ஏரியில் இருந்தது, ஏரி பெருகியது, வந்தது.

அந்தச் சாலை இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தின் பெயரையே செங்கழுநீர்ப்பட்டு என்பதன் திரிபு என்பார்கள். கொளவாய், மதுராந்தகம் என்று ஏரிகளை எண்ணி வாழ்ந்த சீமை. இங்கே ஒரு முதலையைப் பார்த்து “இது நம்மூர்தான்” என்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு முதலையைவிட ஆச்சரியமாக இருந்தது. வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில், ஆழ்ந்த நீருக்குள் முதலை பிற உயிர்களை வெல்லும், நீரைவிட்டு நீங்கினால் பிற உயிர்கள் அதை வெல்லும் என்கிறார். அந்தக் கணக்குப்படி அன்றிரவு நெடுங்குன்றம் சாலையில் பயந்திருக்க வேண்டியது யார் என்பது தெளிவு.

அந்த உயிருக்கு நம்மிடம் இருந்த பெயர்கள் ஒன்றல்ல. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், இரவில் தலைவன் வரும் வழியின் ஆபத்துகளைத் தோழி அடுக்கும் இடம் உண்டு. புலி, கரடி, பாம்பு என்று வந்து சுழல் நிறைந்த ஆழமான மடுவுக்கு வரும்போது முதலை, இடங்கர், கராம் என்று மூன்றை அடுத்தடுத்து வைக்கிறார். பழைய உரைகாரர்கள் இவற்றை முதலையின் சாதி வேறுபாடுகள் என்று கொண்டார்கள். இந்தியாவிலும் இன்று மூன்றே வகை: சதுப்பு முதலை, உவர்நீர் முதலை, கரியால். மூன்று பெயருக்கு மூன்று உயிர் என்று பொருத்திவிட்டால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். ஆனால் கரியால் கங்கை, சம்பல், பிரம்மபுத்திரா போன்ற வடக்கு ஆறுகளுக்குரியது. குறிஞ்சிப்பாட்டின் மடுவில் அதற்கு வேலையில்லை. இரண்டுக்கு இடமுண்டு. ஏரியிலும் ஆற்றிலும் வாழும் சதுப்பு முதலை ஒன்று. கழிமுகத்தில் வாழ்ந்து தமிழகக் கரையிலிருந்து அற்றுப்போன உவர்நீர் முதலை மற்றொன்று. பிந்தையதைக் காட்டில் காண இன்று பிதர்கனிகாவுக்கோ சுந்தரவனத்துக்கோ அந்தமானுக்கோ போக வேண்டும். மூன்றாவது பெயர் வயதைக் குறித்ததா, பாலைக் குறித்ததா, வட்டார வழக்கா? பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றில் முதலை மட்டும் அக்கம்பக்கத்து மொழிகளிலும் உறவோடு நிற்கிறது. மலையாளத்தில் முதல, கன்னடத்தில் மொசளே, தெலுங்கில் மொசலி. ‘முதல்’ என்பதிலிருந்து வந்தது, ஆதி உயிர் என்று பொருள் என்று சொல்லும் மேடைப் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். கைதட்டல் வாங்கும், ஆனால் மொசளேயையும் மொசலியையும் வைத்துக்கொண்டு அதை நிறுவுவது கடினம். திராவிட மொழிகளின் பொதுச்சொத்து என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கராம் மட்டும் ‘கரா’ ஆகிச் சில நூற்றாண்டுகள் இந்தக் கரையிலேயே உலவியது. திருமங்கையாழ்வார் திருவல்லிக்கேணிப் பாசுரத்தில், யானை கசேந்திரனின் காலைப் பற்றியதை அந்தப் பெயரால்தான் சொல்கிறார். இடங்கர் அகராதிக்குள் ஒதுங்கிவிட்டது.

கிரேக்கர்கள் பாடு வேறு. குரோக்கடைல் என்ற ஆங்கிலச் சொல் கிரேக்க ‘குரோகோடெய்லோஸ்’ என்பதன் வழி வந்தது. அது முதலில் முதலையைக் குறிக்கவில்லை, பல்லியை அல்லது ஓணானைக் குறித்தது. எகிப்துக்குப் போன அயோனியர்கள் நைல் நதியில் இந்தப் பெரிய உருவத்தைக் கண்டு, தங்கள் ஊர்க் கல்சுவர்களில் ஓடும் பல்லியின் பெயரையே அதற்கு வைத்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். எகிப்தியர் வைத்திருந்த பெயர் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டு கழித்து அமெரிக்கா போன ஸ்பானியர்களும் அதையே செய்தார்கள். ‘எல் லகார்டோ’, அதாவது ‘அந்தப் பல்லி’ என்று அவர்கள் சுட்டியதுதான் ஆங்கிலேயர் வாயில் அலிகேட்டர் ஆயிற்று. விருந்தாளியாகப் போனவர்களுக்கு அது பெரிய பல்லி. கூடவே வாழ்ந்தவர்களுக்கு அதற்கென்று தனிப்பெயர் தேவைப்பட்டது.

வடமொழி மகரத்தின் கதை இன்னும் குழப்பமானது. அது இந்தியில் மகர் ஆகி, ஆங்கிலேயர் காதில் மக்கர் ஆகி, சதுப்பு முதலையின் பெயராக உலகம் சுற்றுகிறது. தமிழில் நுழைந்த மகரமோ சுறா ஆகிவிட்டது. காமனின் மகரக்கொடி நமக்குச் சுறவக்கொடி. மகர ராசி தனித்தமிழில் சுறவம். கடற்கரைக்காரர்கள் மகரத்தை ஆற்றில் தேடாமல் கடலில் தேடியிருக்கிறார்கள், நியாயம்தான். சிற்பிக்கு இந்தக் கவலையே இல்லை. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தின் மகர தோரணத்தை அண்ணாந்து பாருங்கள். இரண்டு பக்கமும் வாய் பிளந்து நிற்கும் அந்த உயிருக்கு முதலையின் தாடை உண்டு, யானையின் துதிக்கை போல் சுருளும் மூக்கு உண்டு, உடலோ கொடிக்கருக்காக நெளிந்து போய்விடும். எந்த ஏரியிலும் இல்லாத முதலை. பல்லவச் சிற்பிகளுக்கு உயிருள்ளதைப் பார்த்துச் செதுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சற்றுத் தள்ளிப் பெரும்பாறைச் சிற்பத்தில் பின்னங்காலில் நின்று கைதூக்கித் தவமிருக்கும் பூனையும் அதன் காலடி எலிகளும் அதற்குச் சாட்சி. அந்தப் பூனையிடம் பிறகு வருகிறேன்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலுக்கும் சாலைக்கும் நடுவே, வடநெம்மேலியில் இருக்கிறது முதலைப் பண்ணை. 1976இல் ராமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் தொடங்கியது. தோலுக்காகச் சுட்டும் பிடித்தும் முதலைகள் அருகிவந்த காலம் அது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1975இல் நாடு தழுவிய முதலைத் திட்டம் வந்தது. ஆங்கிலத்தில் இந்த இடத்தின் பெயரில் வங்கி இருக்கிறது. போட்டுவைத்து, பெருக்கி, வேண்டும்போது ஆறுகளுக்கு எடுத்துக் கொடுப்பது என்ற எண்ணம். நம் ஆட்கள் அதைப் பண்ணை ஆக்கினார்கள். பேருந்து நடத்துநர் “முதலைப்பண்ணை எறங்கு” என்பார், அதுவே நிலைத்துவிட்டது. இதே வளாகத்தில்தான் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கப்பட்டது. விஷமுறிவு மருந்துக்கான பாம்பு விஷம் அங்கே எடுக்கப்படுகிறது.

முதல் தடவை போகிறவர்கள் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துவிட்டு, “எல்லாம் பொம்மை மாதிரி கெடக்குது” என்பார்கள். உண்மைதான், மத்தியான வெயிலில் ஒன்றின்மேல் ஒன்று முகம் வைத்துக் கிடக்கும். சில வாயைப் பிளந்தபடியே அரைமணி நேரம் அசையாது. அது வெறியல்ல, உடம்புச் சூட்டைச் சீர்செய்துகொள்ளும் வழி. பொறுமை உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். குளத்துக்கு மேலே மரங்களில் கொக்குகள் கூடு கட்டும் பருவத்தில், சில முதலைகள் மூக்குக்கு மேல் குச்சிகளைத் தாங்கிக்கொண்டு தண்ணீரில் அசையாமல் மிதப்பதை விளாதிமிர் டினெட்ஸ் என்ற ஆய்வாளர் இங்கே 2007இல் கவனித்தார். கூட்டுக்குச் சுள்ளி தேடும் கொக்கு குனிந்து எடுக்கப் போனால் அதோடு சரி. அமெரிக்க அலிகேட்டர்களிடமும் இதே பழக்கத்தைக் கண்டு 2013இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தக் குச்சிகள் தற்செயலாகத்தான் மூக்கில் ஒட்டுகின்றன என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை குறைவு. கூடு கட்டும் காலத்தில் மட்டும் ஏன் அத்தனை தற்செயல்?

இங்கிருந்து வெளிவந்த செய்திகளில் என்னை அதிகம் பாதித்தது வேறொன்று. முதலை மணலில் குழி பறித்து இருபது முப்பது முட்டை இட்டு மூடுகிறது. அந்த மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. 32.5 பாகை செல்சியஸ் அளவில் ஆண்கள், அதிலிருந்து கீழே இறங்க இறங்கப் பெண்கள். தொல்காப்பிய மரபியல் நீர்வாழ்வனவற்றின் ஆணைப் போத்து என்று சொல்லலாம் என்கிறது. அந்தப் போத்தைப் போத்தாக்குவது ஓரிரு பாகை வெயில். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் குரல் கொடுக்கும். தாய் வந்து மணலைத் தோண்டும். பொரியாமல் திணறும் முட்டையை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டி ஓட்டை உடைக்கும். பிறகு குஞ்சுகளை வாயில் அள்ளிக்கொண்டு தண்ணீருக்கு நடக்கும். எலும்பை நொறுக்கும் அதே தாடைதான். பல் வரிசைக்கு நடுவிலிருந்து ஒரு சாண் நீளக் குஞ்சு ஒன்று எட்டிப் பார்க்கும். தாய் மட்டும் இதைச் செய்வதில்லை, தகப்பனும் குஞ்சுகளை வாயில் சுமந்து தண்ணீரில் விடுகிறது, குரல் கேட்டால் காவலுக்கு வருகிறது என்பதை ஜெஃப்ரி லாங், விட்டேக்கர் உள்ளிட்டோர் இந்தப் பண்ணையிலேயே பார்த்து 1986இல் எழுதினார்கள்.

இப்போது ஐங்குறுநூற்றுக்கு வருவோம். மருதத் திணையைப் பாடிய ஓரம்போகியார் முதலையை இரண்டு இடங்களில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். தன் பிள்ளையையே தின்னும் முதலை உள்ள ஊர் அவனுடையது என்று ஓரிடத்தில். தன் குஞ்சைத் தின்னும் அன்பில்லாத முதலை என்று இன்னோரிடத்தில். பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பும் தலைவனைக் குத்திக்காட்டும் பாட்டு, ஆகவே வசவு முதலைக்கு இல்லை, அவனுக்கு. ஆனால் வசவுக்குக் கீழே ஒரு பார்வை இருக்கிறது. வாய் திறக்கிறது, குஞ்சுகள் உள்ளே போகின்றன, வாய் மூடுகிறது, முதலை தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. கரையில் நின்று பார்த்தவன் வேறு எதை நினைப்பான்? கண்டது சரி, தீர்ப்புத்தான் தவறு. பெரிய முதலைகள் அடுத்ததன் குஞ்சைத் தின்பதும் நடக்கிற காரியம்தான் என்பதால் தீர்ப்பும் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். எப்படியானாலும், முதலை குஞ்சை வாயில் எடுக்கும் என்பது வயல்வெளித் தமிழனுக்குத் தெரிந்திருந்தது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து பார்க்காமல் அந்தச் சங்கதி பாட்டுக்குள் வர வழியில்லை.

புறநானூற்றில் இன்னொரு இடம். கிள்ளிவளவனைப் பாடும் மாறோக்கத்து நப்பசலையார் கோட்டையின் ஆழ்ந்த நீரைக் காட்டுகிறார். இரவுக் காவலர் பிடித்த விளக்கின் நிழல் தண்ணீரில் விழ, முதலைகள் கூடி ஓடி அந்த வெளிச்சத்தைக் கவ்வுகின்றன. இன்றைக்கும் ஆறுகளில் முதலைக் கணக்கெடுப்பு இரவில்தான் நடக்கிறது. கைவிளக்கை நீர்ப்பரப்பில் ஓட்டினால் கண்கள் கனல்போல் திரும்ப ஒளிரும், அந்த ஒளிகளை எண்ணுவார்கள். விளக்கும் நீரும் முதலையும் ஒரே இடத்தில் சந்திக்கும் கணத்தை அந்தப் பெண்புலவர் நின்று பார்த்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

இப்படிப் பார்த்த சமூகம் இன்று முதலையைப் பற்றிப் பேச்சில் வைத்திருப்பது என்ன? மூர்க்கனோடு சேர்த்துச் சொல்லும் பழமொழி ஒன்று, பிடித்ததை விடாது என்பது. வடமொழியில் முதலைக்குக் ‘கிராஹம்’, பற்றுவது என்றே பெயர் இருப்பதால் அதையும் கவனிப்பின் கணக்கில் சேர்க்கலாம். மற்றொன்று முதலைக் கண்ணீர். கட்சி மேடையில், தலையங்கத்தில், குடும்பச் சண்டையில் எங்கும் புழங்குவது. பழைய நூல்களில் நான் தேடிய வரையில் முதலை அழவே இல்லை. விழுங்கிய பிள்ளையை அவிநாசியில் சுந்தரர் பாட்டுக்காகத் திருப்பித் தருகிறது. யானையின் காலைப் பிடித்துத் திருமாலின் சக்கரத்தால் விடுதலை பெறுகிறது. காஞ்சிபுரம் அட்டபுயகரம் கோயிலில் அந்தக் கதையின் பெயரால் கசேந்திர புஷ்கரணியே இருக்கிறது. நாவல் மரத்துக் குரங்கின் ஈரலுக்கு ஆசைப்பட்டு ஏமாறுகிறது. அழுவது மட்டும் இல்லை. மனிதனைத் தின்றுகொண்டே அழும் என்பது இடைக்கால ஐரோப்பியரின் கதை. பதினான்காம் நூற்றாண்டில் மாண்டவில் பெயரில் உலவிய பயண நூல் அதைப் பரப்பியது. ஷேக்ஸ்பியர் எடுத்துக்கொண்டார், ஆங்கிலத்தோடு கப்பலேறி நம் ஊர் வந்தது. இந்திக்காரர்கள் இதைக் கரியால் கண்ணீர் என்றும் மொழிபெயர்த்தார்கள். மெல்லிய அலகோடு மீனைத் தின்று பிழைக்கும் அந்தச் சாதுவுக்கு இது தேவைதானா!

புளோரிடாவில் கென்ட் வ்லீட் என்பவர் அலிகேட்டர், கெய்மன் இனங்களைக் கரையில் தின்னவைத்துக் கவனித்தார். 2007இல் வெளியான அந்த ஆய்வில் ஏழில் ஐந்துக்குத் தின்னும்போது கண்ணில் நீர் வந்தது, சிலவற்றுக்கு நுரையே தள்ளியது. தின்னும்போது மூச்சு வேகமாக வெளியேறிக் கண்ணீர்ச் சுரப்பியைத் தள்ளுவதாக இருக்கலாம் என்றார்கள். வருத்தத்துக்கும் வஞ்சகத்துக்கும் அதில் பங்கில்லை.

பொய் அழுகைக்கு நம்மிடமே ஆள் இருந்தாள். பழையனூர் நீலி. திருவாலங்காட்டுப் பக்கத்து ஊர், ஒன்றாக இருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் வருவது. இடுப்பில் குழந்தையோடு, இவன் என் கணவன் என்று எழுபது வேளாளர் முன் அழுது, அவர்களை நம்பவைத்து, வணிகனைக் கொன்று பழிதீர்த்த கதை. அதிலிருந்துதான் நீலிக் கண்ணீர். கள்ளத்தவத்துக்கு மாமல்லபுரத்தில் பூனை, கள்ள அழுகைக்குப் பழையனூரில் நீலி. சரக்கு உள்ளூரிலேயே கிடைத்தும் இறக்குமதி செய்திருக்கிறோம். ஆனால் நீலியையும் மறுபடி விசாரிக்க வேண்டும். முற்பிறவியில் அவளைக் கொன்றவன் அந்தக் கணவன்தானே. கொல்லப்பட்ட பெண்ணின் அழுகையைப் பொய் அழுகைக்கு உவமையாக வைத்தவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்று யோசிக்கலாம்.

ஆக, ஏரியிலேயே கிடந்த உயிரைத் தப்பி வந்தது என்கிறோம். கடல் தாண்டி வந்த சொலவடையைப் பாட்டி சொன்னதுபோல் நம்புகிறோம்.

நம்மூர் உயிரை நம்மூரில் ஏற்காத இந்த மனநிலையை ஒட்டியதுதான் பண்ணைக்கு நடந்ததும். முதலைகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பெருகின. ஒரே ஆண்டில் இரண்டு முறை முட்டையிட்டவையும் உண்டு. ஆனால் திருப்பி வாங்கிக்கொள்ள ஆறுகள் இல்லை. ஆற்றில் முதலை விட எந்த ஊரும் சம்மதிக்காது, சிதம்பரத்துப் பக்கம் கொள்ளிடக் கரைக் கிராமங்களில் முதலை கடித்துச் செத்தவர்கள் உண்டு என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. தோலுக்காக வளர்க்கச் சட்டம் இடம் தராது. முட்டைகளைப் பொரியவிடாமல் எடுத்துவிடுவதும், இருப்பவற்றுக்கு இடம் தேடுவதுமாகக் காலம் ஓடியது. 2022இல் ஆயிரம் சதுப்பு முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகர் காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. வங்கியில் போட்டது பெருகியது, எடுக்கத்தான் ஆள் வரவில்லை.

எனக்கு மிச்சமிருக்கும் கேள்வி அந்த இரண்டு பெயர்களைப் பற்றியது. இடங்கரும் கராமும் எழுத்திலிருந்து போய்விட்டன. பேச்சிலிருந்தும் போய்விட்டன என்று யாரும் ஊர் ஊராகக் கேட்டு உறுதிசெய்ததாகத் தெரியவில்லை. ஏரியில் வலை வீசுகிறவர்கள், கழிவெளியில் இறால் தடவுகிற இருளர் பெண்கள், கொள்ளிடக் கரையில் மாடு குளிப்பாட்டுகிறவர்கள் ஆகியோரிடம், குட்டிக்கு ஒன்று, கிழட்டுப் போத்துக்கு ஒன்று, உவர்நீரில் வருவதற்கு ஒன்று என்று வேறு பெயர்கள் இருக்கக்கூடும். உங்கள் ஊரில் முதலைக்கு வேறு பேர் சொல்லும் பெரியவர் யாராவது இருந்தால், அந்தச் சொல்லையும், அது எந்த முதலைக்கு, எந்த நீர்நிலையில் என்பதையும் அவர் சொன்னபடியே எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள்.